முன்பின் மாறிய ஜெர்கின்

ஒன்பதாம் அத்தியாயம்

வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்புகிற எவரையும் யூ-சியா சும்மா அனுப்பியதில்லை.

ஆன்பிங் சந்து முனையில் இருந்தது அவளுடைய காலை உணவுக் கடை. கல்லில் முட்டை ரொட்டி பாதி வெந்திருக்கும். சோயா பாலுக்காக நாலு பேர் நின்றிருப்பார்கள். இருந்தாலும் மகனோ, மருமகளோ, பக்கத்து வீட்டுப் பையனோ ஸ்கூட்டரை உருட்டும் ஓசை கேட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். "இரு" என்பாள். போட்டிருக்கும் மேலங்கியைக் கழற்றச் செய்து, குளித்து வரும் குழந்தைக்குத் துண்டை விரிப்பதுபோல் எதிரே நின்று விரித்துப் பிடிப்பாள். புறப்படுகிறவர் இரு கைகளையும் முன்னால் நீட்டி அதனுள் நுழைக்க வேண்டும். அங்கியின் முதுகு அவர் நெஞ்சை மூடும்; திறந்த பக்கம் பின்னால் தொங்கும். காலரைக் கழுத்தடியில் இழுத்துவிட்டுத் தோளில் ஒரு தட்டு. "இப்பப் போ. நெஞ்சுல காத்து படாது." பின்னால் உட்காருகிறவரை மட்டும் விட்டுவிடுவாள்; ஓட்டுகிறவரின் முதுகே அவருக்கு மறைப்பு.

தைவானின் தைனான் நகரில் பாதிப் பேர் அப்படித்தான் போட்டுக்கொண்டு போகிறார்கள். காற்றும் தூசியும் வெயிலும் முன்னாலிருந்துதானே வருகின்றன? ஜிப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை; சிக்னலில் புழுங்கினால் ஒரே இழுப்பில் உருவிவிடலாம். ஊருக்கு அது வசதி. யூ-சியாவுக்கோ அது விரதம். அவள் கணவர் நெஞ்சுச் சளியில் படுத்து ஒரே குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தவர். திறந்த சட்டையோடு கடற்காற்றில் வண்டி ஓட்டியதால் வந்த வினை அது என்று அவள் உறுதியாக நம்பினாள். ஒரு நெஞ்சைக் காக்கத் தவறியவள், மிஞ்சிய நெஞ்சுகளைத் தன் கையாலேயே மூடி அனுப்பினாள்.

புத்தாண்டின் பதினைந்தாம் நாள் வரும் விளக்குத் திருவிழாவும் முடிந்துவிட்டது. கடை இன்னும் திறக்கவில்லை.

புத்தாண்டின் இரண்டாம் நாள், மணமான பெண்கள் தாய்வீடு செல்லும் நாள், மகன் கெங்-வெய் ஓட்ட, மருமகள் யா-சுன் பின்னால் உட்கார, ஒரே வண்டியில் அவள் ஊரான பிங்துங்குக்குப் புறப்பட்டதையும், லாரியிலிருந்து சிதறிய சரளையில் வண்டி சரிந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யா-சுன் எழுந்து நடந்தாள். கெங்-வெய்யைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். அன்று முதல் மாமியார் மருமகளிடம் நேராக ஒரு சொல் பேசவில்லை. மகனின் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனபோது, தன் தம்பி தே-ஷெங்கை மீன் குளங்களை விட்டு வரும்படி சொல்லி அனுப்பினாள். மேலே வானம், கீழே தாய்மாமன் என்பது அந்த ஊர் வழக்கு. குடும்பத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டுமானால் தாய்மாமன் வாய் திறக்க வேண்டும்.

இன்று காலை வாய் திறந்தவரோ டாக்டர் ஹுங்.

"முழங்கை மூட்டுக்குள்ள சீழ் இறங்கிடுச்சு," என்றார் அவர். உட்காரச் சொல்லிவிட்டுத் தாமும் எதிரே உட்கார்ந்துகொண்டார். அப்படி டாக்டர்கள் உட்கார்ந்தால் நல்ல செய்தி வராது என்பது அந்தத் தாழ்வாரத்தில் காத்திருப்பவர்கள் அனைவருக்கும் தெரியும். "தோல் மொத்தமா உரிஞ்சு, ரோட்டு மண்ணு எலும்பு வரைக்கும் போயிருந்தது. தொடையிலேருந்து எடுத்து வெச்ச தோலும் ஒட்டல. இன்னும் தள்ளிப்போட்டா ரத்தத்துல பரவிடும். முழங்கைக்கு மேல எடுத்தாகணும். இன்னிக்குச் சாயங்காலமே."

தே-ஷெங் தொப்பியைக் கழற்றினார். பால் கெண்டைக் குளத்தின் உப்பு வாடை இன்னும் அவர் சட்டையில் இருந்தது.

"டாக்டரம்மா, அவன் முடி வெட்டற பையன். வலது கை."

"தெரியும்ங்க. என் பொண்ணு கல்யாணத்துக்கு அவர்தான் எனக்கு முடி வெட்டி விட்டார். அவர்கிட்டயே சொல்லிட்டேன். சரின்னுட்டார்."

யூ-சியா அழவில்லை. அவள் பார்வை, மூன்று நாற்காலி தள்ளிச் சுவரோரம் உட்கார்ந்திருந்த மருமகள்மேல் இருந்தது.

"ஒரே வண்டி. ஒரே ரோடு. ஒருத்திக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லையே, அது எப்படி டாக்டர்?"

"அவங்க போட்டிருந்த ஜெர்கின்தான், வண்டி ஓட்டறவங்களுக்குன்னே திண்டு வெச்சுத் தைச்சது. எலும்பு முறியறதை அதெல்லாம் பெரிசா தடுக்காது, அதுல மாயம் ஒண்ணும் இல்லே. ஆனா தோலைக் காப்பாத்தும். ரோடு இழுத்துட்டுப் போகும்போது துணி தேயும், ஆள் தேயமாட்டாங்க. தோல் நின்னுதுன்னா கிருமிக்கு வாசக்கதவு மூடின மாதிரி."

"இவனும் அதேதானே போட்டிருந்தான்? ஜோடியா வாங்கினதாச்சே!"

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "அப்படியா? இவரைக் கொண்டுவரும்போது அது ஒரு மணிக்கட்டுல மட்டும் தொங்கிட்டிருந்துது. உடம்புல இல்லே." அதற்குள் உள்ளிருந்து அழைப்பு வந்தது. அவர் எழுந்து போய்விட்டார்.

நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட சொல்லும் சில வேளை வைக்கோலில் விழுந்த கங்காகிவிடும். யூ-சியா எழுந்து மருமகள் எதிரே போய் நின்றாள். பல நாள்களுக்குப் பிறகு நேராகப் பேசினாள்.

"கேட்டியா? உன்னோடது உடம்புல நின்னுது. அவனோடது கழண்டு தொங்கிச்சு. உனக்கு அசலு, அவனுக்குச் சந்தைப் போலி. அப்படித்தானே?"

யா-சுன் மழலையர் பள்ளி ஆசிரியை. எந்தக் குழந்தை எவ்வளவு கத்தினாலும் குரலை உயர்த்தாதவள். இப்போதும் உயர்த்தவில்லை.

"ஒரே கடைதான் அத்தே. ஒரே சரக்குதான். அளவு மட்டும்தான் வேற."

"உங்கம்மா வீட்டுக்குப் போற வழியிலதானே என் புள்ள விழுந்தான்? நான் கேட்டேனா அதை? கேக்கலியே! இதைக் கேக்கறேன், சொல்லு."

"அக்கா," என்றார் தே-ஷெங், "ஆஸ்பத்திரி. மெதுவா."

"நீ மெதுவாத்தான் பேசுவே. உன் மீனெல்லாம் ரெண்டு துடுப்போட பத்திரமா நீந்துது."

தே-ஷெங் தலையைச் சொறிந்தார். கோபத்திலும் அக்காவின் வாய் அக்காவின் வாய்தான். "சரி. ரெண்டு ஜெர்கினும் எங்கே?"

"கடைப் பின்கட்டுல. ஆஸ்பத்திரியில கட்டிக் குடுத்த பை. பிரிக்கல."

"எடுத்துட்டு வா. வலையைத் தொட்டே நூல் நல்லதா கெட்டதான்னு சொல்றவன் நான். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துடுவோம். போலின்னு தெரிஞ்சா..." யா-சுன்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு முடித்தார். "போலின்னு தெரிஞ்சா இந்தப் பொண்ணு பிங்துங்குக்கே போயிடட்டும். தாய்மாமன் நான் சொல்றேன்."

அப்போதுதான் யா-சுன் பதறினாள். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"வேண்டாம் அத்தே. அந்தப் பையைத் திறக்காதீங்க. நான் போயிடறேன். பார்க்காமலே போயிடறேன். நீங்க திறக்க வேண்டாம்."

"பார்த்தியா தம்பி?" என்றாள் யூ-சியா. "மடியில கனம்."

கெங்-வெய் கட்டிலில் சாய்ந்திருந்தான். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. வலக்கை தலையணைகளின் மேல் ஒரு வெள்ளைப் பொதியாக, அவனுடையதே அல்லாததுபோல் கிடந்தது. மனைவி உள்ளே வந்ததும் அவளுடைய நெற்றி முடியைப் பார்த்தான்.

"முன்முடி கண்ணுல விழுது. ரெண்டு வாரமா சொல்லணும்னு நினைச்சேன்."

"நீ வெட்டி விடு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவன் சிரிக்க முயன்றான்.

"இடது கையால வெட்டினா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். இப்ப அதுதான் ஃபேஷன்னு சொல்லி ஏமாத்திடலாம்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவனுடைய வலக்கை விரல்களைத் தொட்டாள். கட்டுக்கு வெளியே தெரிந்த அந்த நாலு விரல் நுனிகள் மட்டும் அவளுக்குப் பழகிய மாதிரியே இருந்தன. நடுவிரலில் கத்தரிக்கோல் வளையம் காய்த்த தடம். இன்று மாலை வரைதான் அந்தத் தடத்தைத் தொட முடியும் என்று அவள் நினைத்தாள். அவனும் அதையே நினைத்திருக்க வேண்டும்.

"உங்கம்மா ஜெர்கினை எடுக்கப் போறாங்க," என்றாள் அவள். "மாமா கொண்டுவரச் சொல்லிட்டார்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நீ சொல்லிடலியே?"

"சொல்லல. நீ கேட்டுக்கிட்டதுக்காகச் சொல்லல. போலி வாங்கினவள்னு பேர் வாங்கினேன். ஆனா கெங், பார்த்தா அவங்களுக்கே தெரிஞ்சிடும். அவங்க ஒண்ணும் குருடு இல்லே."

"அப்பா போனதுக்கே இன்னும் தன்னையே குத்தம் சொல்லிட்டிருக்கா. இதுவும் தன் கைதான்னு தெரிஞ்சா..." அவன் முடிக்கவில்லை. "தப்பு என்னோடது. பாலம் தாண்டினதும் 'நிறுத்து, சரியா மாத்திப் போடு'ன்னு நீ சொன்னே. 'அம்மா கை போட்டது, ஊர் போற வரைக்கும் இருக்கட்டும்'னு சொன்னது நான்."

"கடை வாசல்லயே நான் தடுத்திருக்கணும்."

"எப்படித் தடுப்பே? 'விழுந்தா என்ன ஆகும்'னா? புத்தாண்டு ரெண்டாம் நாள், எங்கம்மா முன்னால?"

அவள் தலையைக் குனிந்தாள். புத்தாண்டின் முதல் நாள்களில் விழுதல், உடைதல், சாவு என்ற சொற்களை எந்த வீட்டிலும் எவரும் வாயில் எடுப்பதில்லை. கிண்ணம் உடைந்தால்கூட வேறு ஏதாவது மங்கலம் சொல்லி மூடிவிடுவார்கள். அன்று கடை வாசலில் அந்தச் சொல் யா-சுன்னின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். நல்ல மருமகள் செய்வதையே செய்தாள். விழுங்கிய சொல் அன்று முதல் தொண்டையிலேயே நிற்கிறது.

"முடி வெட்டறதுக்குத்தான் கை வேணும்," என்றான் அவன். "உன்கூட இருக்கறதுக்கு வேண்டாம். போகாதே, யா-சுன். மாமா சொன்னாலும் போகாதே."

அவள் விரல் நுனிகளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடையின் பின்கட்டில், சோயா மொச்சை மூட்டைகளுக்கு நடுவே அந்தப் பை இருந்தது. யூ-சியா முடிச்சை அவிழ்த்தபோது காய்ந்த இரத்தத்தின் இரும்பு வாடை முகத்தில் அறைந்தது. அவள் இரண்டையும் எடுத்து, மாவு பிசையும் பலகைமேல் அருகருகே விரித்தாள்.

கறுப்பு உடல், தோளில் ஆரஞ்சுப் பட்டை. ஒரே தையல், ஒரே ஜிப், உள்ளே ஒரே முத்திரை. போலி என்று சொல்ல எதுவும் இல்லை. எனினும் அவள் விட்டுவிடவில்லை. கோபம் தனக்கு வேண்டிய சாட்சியைத் தேடாமல் ஓயாது.

முதலில் மருமகளின் ஜெர்கினைத் திருப்பினாள். வலது முழங்கையில் வெளித்துணி தேய்ந்து வெள்ளை இழையாகியிருந்தது. அதன்கீழ் இருந்த கெட்டித் திண்டு ஆழமாக உரசப்பட்டு, பல்லால் கடித்ததுபோல் வரிவரியாக இருந்தது. தோளிலும் அப்படியே. சாலை அந்தப் பெண்ணின் தோலைத் தேடி வந்து, திண்டைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போயிருந்தது.

பிறகு மகனுடையது. வலது முழங்கைத் திண்டைத் தடவினாள்.

அது புதிதாக இருந்தது.

ஒரு கீறலும் இல்லை. கடையில் தொங்கவிட்ட நாள் எப்படி இருந்ததோ அப்படி. முதுகுத் திண்டும் அப்படியே, மழமழவென்று. மகனின் முழங்கை எலும்பு வரை உரிந்திருக்க, முழங்கைக்காகவே தைக்கப்பட்ட திண்டில் தூசிகூட இல்லாதது எப்படி? அவள் கையைப் புரட்டினாள். எதிர்ப்பக்கம், முழங்கை மடிப்பு வருகிற இடத்தில் காற்றுக்காக வைத்திருந்த மெல்லிய வலைத்துணி இல்லவே இல்லை. தோள் வரை கிழிந்து, ஓரங்களில் சரளை ஒட்டி இருந்தது.

புரியவில்லை. அதைக் கையில் எடுத்தாள். தன்னையறியாமல், பல ஆண்டுப் பழக்கத்தில், முன்னால் விரித்தாள். எதிரே யாரும் இல்லாததால் தன் கைகளையே அதற்குள் நுழைத்தாள்.

முதுகுத் திண்டு அவள் நெஞ்சில் கனமாகக் கவிந்தது. முதுகில் காற்று பட்டது. முழங்கைத் திண்டு, கை மடங்கும் உள்பக்கத்தில் கட்டிபோல் அழுத்தியது. இடக்கையால் தன் வலது முழங்கையின் வெளிமுட்டைத் தொட்டுப் பார்த்தாள். கிழிசலுக்கு வெளியே அது வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தது.

கையைக் கீழே விட்டாள். ஜிப் பூட்டிப் பிடிக்காத அங்கி, கேட்பாரின்றித் தோளிலிருந்து வழிந்து, மணிக்கட்டில் போய்த் தொங்கியது.

அன்று காலை அவன் சரியாகத்தான் போட்டிருந்தான். கழுத்துவரை ஜிப் இழுத்திருந்தான். அவள்தான் "இரு" என்றாள்.

மலைக்காட்டில் எறும்புத்தின்னியான ஓர் அழுங்குத் தாய் இருந்தாளாம். குட்டியின் முதுகெல்லாம் செதிள், வயிறு மட்டும் மெத்தென்று வெறுமை. பனிக்காலத்தில் அந்த வயிறு சில்லிட்டுப் போவதைக் கண்டு அவள் மனம் பொறுக்கவில்லை. மலைத் தெய்வத்திடம் போய், "செதிளை வயிற்றுக்கு மாற்றிக் கொடு" என்று வேண்டினாள். தெய்வம் மாற்றிக் கொடுத்தது. அந்தப் பனிக்காலம் முழுவதும் குட்டி கதகதப்பாக உறங்கியது. வசந்தம் வந்தது, சிறுத்தையும் வந்தது. குட்டி, பாட்டன் முப்பாட்டன் காலத்து வழக்கப்படி பந்தாகச் சுருண்டது. செதிளெல்லாம் உள்ளே இருந்தது. வெளியே இருந்தது வெறும் தோல். தெய்வத்தின்மேல் பிழையில்லை, கேட்டதைக் கொடுத்தது. தாயின்மேல் பிழை சொல்லவும் நாக்கு எழவில்லை. ஆனால் மறுநாள் அந்தத் தாய் என்ன செய்தாள் என்பதைக் கதை சொல்வதில்லை. கதைகளுக்கு அந்தச் சலுகை உண்டு. மனிதர்களுக்கு இல்லை, மறுநாளும் விடிகிறது.

யூ-சியாவுக்கு அன்றே விடிந்தாக வேண்டியிருந்தது. தம்பி காத்திருக்கிறார். இரண்டு ஜெர்கினையும் கொண்டுபோய் அவர்முன் விரிக்க வேண்டும்.

பலகையருகே தரையில் உட்கார்ந்தவள் எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, அவளுக்கே தெரியாது. வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. அப்போது சந்து முனையில் குப்பை வண்டியின் இசை கேட்டது. வீடுதோறும் கதவுகள் திறந்தன. செருப்புகள் சரசரக்க, பைகளோடு ஆட்கள் ஓடினார்கள்.

அவள் எழுந்தாள். மகனுடைய ஜெர்கினை மட்டும் பையில் திணித்து, முடிச்சுப் போட்டு, தானும் ஓடினாள்.

"யூ-சியா அக்கா, புள்ளைக்கு எப்படி இருக்கு?" என்றாள் எதிர்வீட்டுத் தையற்காரி. "மருமகளுக்கு ஒண்ணும் இல்லியாமே? கெட்டிக்காரிதான்! அந்த மாதிரி ஆளுங்க விழுந்தாலும் பூனை மாதிரி நாலு காலுலதான் நிப்பாங்க."

இந்தச் சொல்லை ஊரில் விதைத்தவள் யூ-சியாதான். இப்போது அது விளைந்து அவள் வாசலுக்கே வந்திருந்தது. தையற்காரியின் தோளில், முதுகுப்புறம் திறந்தபடி, ஒரு பூப்போட்ட மேலங்கி தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டி நின்றது. பின்பக்கத்தின் இரும்பு வாய் பைகளைப் பிசைந்து விழுங்கியது. மேலே நின்ற ஆள் கையை நீட்டினான்.

"போடுங்கம்மா, நேரமாச்சு."

ஒரு வீச்சுதான். இரத்தக்கறை சகிக்கவில்லை, எறிந்துவிட்டேன் என்றால் தம்பி நம்புவார். மருமகள் எப்படியும் வாய் திறக்க மாட்டாள். காலையில், பார்க்காமலே போய்விடுகிறேன் என்று அவள் பதறினாளே, அது தன்னைக் காக்க அல்ல.

பையைப் பிடித்த யூ-சியாவின் கை அந்தரத்தில் நின்றது.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது.

"அம்மா! போடறீங்களா இல்லியா?"

"இல்லேப்பா," என்றாள் யூ-சியா. "இது குப்பை இல்லே."

அவள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது கெங்-வெய்யை அறுவை அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். தாழ்வாரத்தில் தே-ஷெங்கும் யா-சுன்னும், இடையில் நாலு நாற்காலி வெறுமையாக விட்டு, ஒரே கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கே போய்த் தொலைஞ்சே அக்கா?" தே-ஷெங்கின் குரல் உடைந்திருந்தது. "தள்ளுவண்டியில போகும்போதுகூட 'அம்மா வரலியா, அம்மா வரலியா'ன்னு திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் என்ன சொல்றது? 'வர்றா'ன்னேன். கதவு மூடிடுச்சு."

இரு கைகளோடு இருக்கும் மகனைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பு அவளுக்குத் தவறிவிட்டது. அதை அவள் கேட்டுக்கொண்டாள். அதற்கும் அழவில்லை, அழும் உரிமை தனக்கு இன்னும் இல்லை என்பதுபோல் நின்றாள்.

"தம்பி, இதைப் பாரு."

மகனுடைய ஜெர்கினை எடுத்தாள். அங்கே போவோர் வருவோர் பார்க்க, முன்னால் விரித்துத் தன் கைகளை நுழைத்தாள்.

"இது போலி இல்லே. ரெண்டும் ஒண்ணுதான். இவன் சரியாத்தான் போட்டிருந்தான். நான்தான் கழட்டி, இப்படி மாத்திப் போட்டு அனுப்பினேன். திண்டெல்லாம் இந்தப் பக்கம் வந்துடுச்சு. தொட்டுப் பாரு. என் முழங்கையைத் தொட்டுப் பாரு."

தே-ஷெங் தொட்டார். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். நூலை அறிந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சிறிது நேரம் தொப்பியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அக்கா... எல்லாரும் அப்படித்தானே போடறோம். நானுந்தான். ஊரே போடுது. உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமத்தான் செஞ்சேன். அவன்கிட்ட செஞ்சதைத் தெரியாமச் செஞ்சேன்." யூ-சியா மருமகள் பக்கம் திரும்பினாள். "இவகிட்ட செஞ்சதைத் தெரிஞ்சேதான் செஞ்சேன். இவளை அனுப்பிடணும்னு உன்னைக் கூப்பிட்டு விட்டது நான். இப்ப நானே சொல்றேன், அந்தப் பேச்சை உன் வாயாலயே திரும்ப எடு. தாய்மாமன் சொன்னதைத் தாய்மாமன்தான் எடுக்கணும்."

பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு தே-ஷெங் எழுந்தார். யா-சுன் எதிரே போய், சந்நிதியில் நிற்பதுபோல் தலை தாழ்த்தினார்.

"பொண்ணே, குளத்துக் களிமண்ணுதான் இந்த மண்டையில இருக்கு. காலையில நான் பேசினது பேச்சே இல்லே. இந்தக் குடும்பத்துல யாராவது போகணும்னா, முதல்ல நான் போறேன், அப்புறம் உங்க மாமியா போகட்டும். நீ இரு."

யா-சுன் மாமியார் பக்கம் திரும்பினாள். "நீங்க பார்க்கக் கூடாதுன்னு நினைச்சோம் அத்தே," என்றாள். "அவர்தான் சொல்ல வேண்டாம்னார். 'அம்மா தாங்க மாட்டா'ன்னார்."

"தாங்கித்தான் ஆகணும்," என்றாள் யூ-சியா. "அவன் கண்ணு முழிச்சதும் நானே சொல்றேன். நீ என்னைத் தடுக்காதே."

அவள் ஜெர்கினைக் கழற்றி வைத்தாள். தோளில் மாட்டியிருந்த துணிப்பையிலிருந்து வரும் முன் கடையடுப்பில் சமைத்து நிரப்பிய ஒரு தூக்குப் பாத்திரத்தை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் பன்றிக்கால் குழம்பின் மணமும், வெட்டாமல் நீளமாக வேகவைத்த சேமியாவின் வாசமும் எழுந்தன. ஆபத்திலிருந்து தப்பி வந்தவருக்கு, வீட்டு வாசல் மிதித்ததும் அந்த வீட்டு மூத்தவள் முதலில் ஊட்ட வேண்டிய உணவு அது. கெட்ட நேரம் அதோடு கழிந்துவிடும் என்பார்கள். யா-சுன் வாசல் மிதித்த அன்று அவளுக்கு யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தரவில்லை.

"ஆறிப் போயிடுச்சு," என்றாள் யூ-சியா. "அன்னிக்கே குடுத்திருக்கணும். இப்பச் சாப்பிடறியாம்மா?"

யா-சுன் குச்சிகளை வாங்கினாள். சேமியாவைத் தூக்கினாள், கை தோள் மட்டத்துக்கு வரவில்லை. நடுங்கி, பாத்திரத்துக்குள்ளேயே விழுந்தது. மறுபடி முயன்றாள்.

"ஏன் கை தூக்க மாட்டேங்குது?"

"ஒண்ணுமில்லே அத்தே. அன்னிக்குத் தோள் ரோட்டுல இடிச்சுது. கொஞ்சம் கன்னியிருக்கு, அவ்வளவுதான்."

யூ-சியா அவளுடைய காலரை மெல்ல விலக்கினாள். தோல் எங்கும் கிழியவில்லை. ஆனால் அதன்கீழ், கழுத்திலிருந்து கைவரை, கருநீலமும் பழுத்த மஞ்சளுமாக ஒரு பெரிய கன்றல் பரவியிருந்தது. பள்ளிக் குழந்தைகளைத் தூக்கும் தோள். இத்தனை நாளும் இரும்பு நாற்காலியில், சுவரில் சாய்ந்தே அவள் உறங்கியிருக்கிறாள்.

"வலிக்குதான்னு இந்த வாய் ஒரு நாள் கேக்கலியே," என்றாள் யூ-சியா.

அதுவரை காத்திருந்த கண்ணீர் அப்போது இருவருக்கும் வந்தது. தே-ஷெங் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

அறுவை அறைக் கதவு இன்னும் மூடியே இருந்தது. அதன் மறுபக்கம் என்ன எடுக்கப்பட்டது, எது எஞ்சியது, கண் விழிக்கிறவன் தாயிடமிருந்து என்ன கேட்கப் போகிறான், கேட்டு என்ன சொல்லப் போகிறான் என்பதை அந்த மூவரில் எவரும் அறியார். மன்னித்தேன் என்று யா-சுன் சொல்லவில்லை. யூ-சியாவும் அதைக் கேட்கவில்லை.

அவள் குச்சிகளை மருமகளின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நீளம் அறாமல் ஒரு வாய்ச் சேமியாவைச் சுருட்டி எடுத்து, இடக்கையைக் கீழே ஏந்தி, அவள் வாயருகே கொண்டுபோனாள்.

யா-சுன் வாயைத் திறந்தாள்.